சிங்காரவேலு வீட்டு நம்பர்

அனுசுயாவின் செல்போன் எண் கீழத்தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். பிறந்த வருஷத்தைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறவர்கள்கூட அவளுடைய எண்ணை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ரேஷன் கார்டில் அந்த எண், காஸ் புத்தகத்தில் அந்த எண், முதியோர் பென்ஷனில் அந்த எண். உடையார்பாளையத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் கீழத்தெருவோடு அரசாங்கம் ஏதாவது பேச வேண்டுமென்றால், அனுசுயாவின் இடுப்பில் செருகியிருக்கும் போனோடுதான் பேசியாக வேண்டும். இது அவள் கேட்டு வாங்கிக்கொண்ட பெருமை இல்லை. அவள் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் அவளுடைய மாமனார் சிங்காரவேலு.

சிங்காரவேலு வீட்டுக்குத்தான் அந்தத் தெருவில் முதல் டெலிபோன் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, அரியலூருக்கும் ஊருக்கும் நடையாக நடந்து, அவர் வாங்கிய டெலிபோன் அது. கூடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் பூத்தையல் போட்ட துணி விரித்து உட்கார வைத்திருந்தார். தன் வீட்டில் போன் இல்லாதவர்கள் தெரிந்தவர் வீட்டு எண்ணைக் கொடுத்து, முன்னால் பி.பி. என்று இரண்டு எழுத்தைப் போட்டுக்கொள்வது அப்போதைய வழக்கம். கீழத்தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாலும் அடியில் சிங்காரவேலு வீட்டு எண்தான் இருக்கும். அதற்காக அவர் யாரிடமும் சல்லிக்காசு வாங்கியதில்லை. "நம்ம வூட்டு நம்பரைப் போட்டுக்கங்க" என்று வலியப் போய்ச் சொல்லுவார். காசை வாங்கியிருந்தாலாவது ஒரு கணக்கு இருந்திருக்கும். வாங்காததால் கணக்கே இல்லாமல் போயிற்று.

போன் அவருடையது, ஓட்டம் மருமகளுடையது. திருமானூரிலிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே அனுசுயாவுக்கு அந்த வேலை கைமாற்றப்பட்டது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது கூப்பிடுவார்கள். சிங்காரவேலு எடுத்து, கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, ஓடு அதிரப் பேசுவார். "பத்து நிமிஷம் கழிச்சுப் போடுப்பா, ஆளக் கூட்டியாறச் சொல்றேன்" என்று வைப்பார். உடனே அனுசுயா தெருவில் ஓட வேண்டும். உலையில் அரிசி போட்டிருந்தாலும் ஓட வேண்டும், வயிற்றில் பிள்ளை இருந்தாலும் ஓட வேண்டும். பொண்ணு பார்க்கப் போனபோது சிங்காரவேலு முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். புது மருமகள் வேறென்ன செய்வாள்?

அவளுக்கென்று வரும் போன் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய அம்மா திருமானூர் கடைத்தெரு பூத்திலிருந்து பேசுவது. அந்த அம்மா "நல்லா இருக்கியா" என்று கேட்டு முடிப்பதற்குள் சிங்காரவேலு செருமுவார். "சுருக்காப் பேசும்மா, ஊரு போன் வர்ற நேரம்" என்பார். அம்மா அந்தப் பக்கத்தில் அதைக் கேட்டுவிட்டு, "வச்சிடுறேன்டி" என்று தானே வைத்துவிடுவாள். பிறந்த வீட்டுக்குப் போனாலும் ராத்தங்கல் கிடையாது. போனை யார் எடுப்பது, ஆளை யார் கூட்டி வருவது?

பிறகு செல்போன் வந்தது. முதலில் பெரிய வீடுகளில், அப்புறம் எல்லா வீடுகளிலும். பையன்களுக்கு ஒன்று, அப்பனுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு வாங்கினார்கள். சிங்காரவேலு வீட்டுக் கூடத்துக்கு ஆள் வருவது குறைந்து, ஒரு மழையில் கம்பி அறுந்து டெலிபோன் ஊமையானபோது சரி செய்யச் சொல்லக்கூட ஆளில்லை. சிங்காரவேலு ஒரு வருஷம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அனுசுயாவோ அந்தச் சில வருஷங்களில்தான் ஒரு மனுஷியாக வாழ்ந்தாள் என்று சொல்ல வேண்டும். அம்மா வீட்டில் வாரக்கணக்கில் தங்கினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்துத் தூங்கினாள். பகலில் இப்படி அடித்துப்போட்டாற்போலத் தூங்க முடியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தது அவள் கணவன் பரணிதரன். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு வருகிற நேரம் தெரிய வேண்டுமே என்று வாங்கினான். அது அவளுடைய போனாக இருந்தது கொஞ்ச நாள்தான். பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுக்கிற முகாம் போட்டார்கள். வரிசையில் முதலில் நின்றவள் அடுத்த வீட்டுச் செல்லக்கண்ணு. முந்திரிக்கொட்டை உடைத்தே கிழவியானவள், பிள்ளையில்லாதவள். "செல் நம்பர் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டர்காரன் கேட்டான். செல்லக்கண்ணுவிடம் செல் ஏது? பழைய ஞாபகத்தில், "நம்ம சிங்காரவேலு வூட்டு நம்பரைப் போட்டுக்க தம்பி" என்றாள்.

சிங்காரவேலு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லுகிறார்கள். வருஷக்கணக்காக யாரும் கேட்காத கேள்வியை ஒருவன் கேட்டுவிட்டான். மருமகளின் எண்ணை அப்படியே ஓங்கிச் சொன்னார். அடுத்து நின்றவருக்கும் சொன்னார். அதற்கடுத்தவருக்கும் சொன்னார். வீட்டில் சொந்த போன் இருந்தவர்கள்கூட, "அது ரீசார்ஜ் தீந்து தீந்து போவுதுங்க, ஒங்க நம்பரே இருக்கட்டும்" என்று இதையே கொடுத்தார்கள். அது முன்போல ஆளைக் கூப்பிடுவதற்கான எண் என்றுதான் அவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். இனி அந்த எண் இல்லாமல் அரிசி வராது, காஸ் வராது, பென்ஷன் வராது என்று யாருக்குத் தெரியும்? அனுசுயாவை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. அவள் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பித்தது ரேஷன் கடையில். விரலை வைத்தால் அரிசி என்றார்கள். கீழத்தெருப் பெண்களுக்கு விரல் இருந்தது, ரேகை இல்லை. முந்திரிக்கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்றுவிட்டிருந்தது. மெஷின் ஒவ்வொரு விரலையும் வேண்டாம் என்றது. "அப்ப போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க" என்றான் கடைக்காரன். அந்த நம்பர் அனுசுயாவுக்கு வரும். அவள் குளித்துக்கொண்டிருப்பாள். கதவை இடிப்பார்கள். சோப்பு நுரையோடு கை நீட்டி, போனை வாங்கிப் பார்த்து, உள்ளிருந்தே எண்ணைக் கத்துவாள். முன்பு பத்து நிமிஷம் அவகாசம் இருந்தது. இப்போது அதுவும் கிடையாது. கொஞ்சம் தாமதித்தால் எண் செத்துவிடும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், பழி அவள்மேல் விழும்.

அவளுடைய அம்மா செத்த அன்றுகூட விடவில்லை. திருமானூரில் பிணத்தைத் தூக்குகிற நேரம் போன் அடித்தது. தெருவில் தங்கசாமி வீட்டுக்கு காஸ் வண்டி வந்து நிற்கிறது, நம்பர் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவான். தலைவிரி கோலத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டே, அனுசுயா ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பினால் பாடை தெருமுனை தாண்டியிருந்தது. அன்று அவளுக்குத் தங்கசாமிமேல் கோபம் வரவில்லை. அவருக்குச் சாவு தெரியாது. மாமனார்மேலும் வரவில்லை. தன்மேலேயே வந்தது, அப்படி ஒரு வெறுப்பு. எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று இன்றுவரை நினைத்து நினைத்து வேகிறாள்.

மாற்றப் பார்க்காமல் இல்லை. செல்லக்கண்ணுவை உடையார்பாளையம் இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எண்ணை மாற்றுவதற்கும் விரலைத்தான் கேட்டார்கள். "ரேகையே இல்லியே பாட்டி" என்று அந்தப் பெண் கிழவியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தங்கசாமி எப்படியோ தன் மகனுடைய திருப்பூர் எண்ணுக்கு மாற்றினார். மகன் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில், போன் கம்பெனி அந்த எண்ணை வடக்கே எவனுக்கோ கொடுத்துவிட்டது. தங்கசாமி பட்ட பாட்டைப் பார்த்த தெரு, அன்றிலிருந்து அனுசுயாவின் எண்ணை விட்டு அசைய மறுத்தது. சிங்காரவேலு மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவிடாமல் அவள் போனுக்கு ரீசார்ஜ் செய்தார். மருமகளுக்குப் புடவை எடுத்துக் கொடுக்க மறந்தாலும் மறப்பார், இதை மறக்கமாட்டார்.

இந்த நிலைமையில்தான் பூவிழி அந்தச் சேதியைக் கொண்டு வந்தாள். மேலத்தெருப் பெண், பெரம்பலூர் போகிற வழியில் புதிதாக வந்திருக்கும் செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் உடையார்பாளையத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.

"கேன்டீனுக்கு ஆள் எடுக்குறாங்கக்கா. நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் சேத்துக்குறாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கஷ்டம். உள்ள போனே கொண்டு போவக் கூடாது. ஷிப்ட் முடியற வரைக்கும் புள்ள குட்டிக்கு என்ன ஆச்சுன்னுகூடத் தெரியாது."

பூவிழி அதைக் குறையாகச் சொன்னாள். அனுசுயாவுக்கு உடம்பெல்லாம் ஒரு நிமிஷம் குளிர்ந்தது. "நெசமாவா? போனே கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு பகல் முழுக்க யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாத ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் போய்ப் பாத்திரம் கழுவினால் என்ன, காய் நறுக்கினால் என்ன? அவளுக்கு அடுத்த தை பிறந்தால் வயது தாண்டிவிடும். மறுநாளே பூவிழியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றார்கள்.

வீட்டில் சொன்னபோது சிங்காரவேலு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கண்ட கம்பெனில சோறு வடிக்கிறதுக்கா இந்த வூட்டுக்கு மருமவளா வந்த? இங்க என்ன கொறைச்சல்?"

"கொறைச்சல்னு இல்லிங்க மாமா."

"அப்புறம் என்னம்மா? ஒன்னய நம்பி இந்தத் தெருவே இருக்குது. நீ பாட்டுக்குப் போயிட்டா சனம் எங்க போவும்?"

அந்தச் சனம் அதற்குள் வாசலில் கூடியிருந்தது. செல்லக்கண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "போவாதடி அனுசுயா. எனக்கு வர்ற பென்ஷனு ஒங்கையிலதான்டி இருக்குது" என்றாள். நடித்து அழுகிறவள் இல்லை அவள், உண்மையாகவே பயந்திருந்தாள். அதுதான் அனுசுயாவை அதிகம் வாட்டியது. கெட்டவர்கள் பிடித்து வைத்திருந்தால் உதறிவிட்டுப் போகலாம். இவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பாவப்பட்டவர்கள். இவர்கள் பிடியிலிருந்து எப்படிப் போவது?

பரணிதரன்தான் வழி சொன்னான். "கம்பெனிலதான் போன் கூடாதுங்குறாங்கள்ல? அதை வூட்லயே வச்சுட்டுப் போவட்டும். அப்பா பாத்து நம்பர் சொல்லட்டும். இங்கிலீஷ் தெரியாட்டி என்ன, நம்பர் படிக்கத் தெரியாதா?" ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்காரவேலு கூடத்து ஸ்டூலைத் துடைத்து, போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த மெசேஜ் எப்படி வரும் என்று அவளிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். "மருமவ போவட்டும், ரெண்டு நாள்ல திரும்பிடுவா" என்று செல்லக்கண்ணுவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை வெறும் இடுப்போடு பஸ் ஏறினாள். பழக்கத்தில் கை அடிக்கடி இடுப்புக்குப் போயிற்று, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. பூவிழி என்னவோ பேசிக்கொண்டு வந்தாள். அனுசுயா ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றை வாங்கிக்கொண்டு, செந்துறை தாண்டுவதற்குள் தூங்கியே போனாள்.

கம்பெனி ஆபீஸில் பிரேம் என்கிற இளைஞன் புதிதாகச் சேருகிறவர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். அனுசுயாவின் ஆதார் எண்ணை அடித்தான், பெயர் வந்தது. "ஒங்க ஆதார்ல உள்ள நம்பருக்கு ஓ.டி.பி. போயிருக்குதுக்கா. அதைச் சொன்னாத்தான் பி.எஃப். கணக்கு ஓப்பன் ஆகும். சொல்லுங்க."

அனுசுயாவின் கை பழக்கத்தில் வெறும் இடுப்புக்குப் போயிற்று. ஊருக்கெல்லாம் எண் சொன்னவள், தனக்கும் ஒன்று வரும் என்று நினைக்கவே இல்லை.

"போன் வூட்ல இருக்குதுங்க சார்."

"பரவால்ல, என் போன்ல பேசிக் கேளுங்க" என்று பிரேம் தன் போனில் அவள் சொன்ன எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தான்.

சிங்காரவேலு முதல் மணியிலேயே எடுத்தார். "ஆரு?" என்று அறை அதிர்ந்தது. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, நான் அனுசுயா பேசுறேன். கம்பெனில சேக்குறதுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க."

சிங்காரவேலு யோசித்து இழுத்தார். "ஒன்னும் வரலியேம்மா."

பிரேம் மறுபடி அனுப்பினான். போனுக்குள்ளிருந்து மெசேஜ் வருகிற மணிச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இத்தனை வருஷம் தூக்கத்திலும் அவளை எழுப்பிய சத்தம், அனுசுயாவுக்குத் தெரியாதா? பிரேம்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப வந்திருக்கும் மாமா."

"ஒன்னும் வரலம்மா" என்றார் சிங்காரவேலு, இந்தத் தடவை யோசிக்காமலே. "சிக்னல் இல்ல போலருக்குது. நீ வூட்டுக்கு வந்துடு. வேலையெல்லாம் நமக்கெதுக்கு?" வைத்துவிட்டார்.

அவர் யார் வயிற்றிலும் அடித்தவர் இல்லை. யாருக்கும் எண்ணை மறைத்தவர் இல்லை. அவளுக்கு மட்டும் மறைத்தார். அனுசுயா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவைதான் அனுப்ப முடியும்க்கா" என்றான் பிரேம். அவனுக்கும் சங்கடமாக இருந்தது. "அப்புறம் நாளைக்குத்தான். ஆனா இந்த பேட்ச் இன்னிக்கோட முடியுது. அடுத்தது தைக்கு மேலதான் எடுப்பாங்க."

தைக்கு மேல் அவளுக்கு வயது தாண்டிவிடும். வெளியே ஊருக்குத் திரும்புகிற பஸ் எங்கே நிற்கும், அதில் ஏறினால் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்போம், இறங்கியதும் யார் வந்து என்ன நம்பர் கேட்பார்கள் என்பதெல்லாம் அவள் கண் முன்னால் வந்து போயிற்று. சாகிறவரை அதுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பேசுறப்ப அனுப்புங்க சார். எனக்கு இன்னொரு தடவை போன் போட்டுக் குடுங்க."

சிங்காரவேலு எடுத்து, "என்னம்மா இன்னும்?" என்றார்.

"அது கெடக்கட்டும் மாமா, நான் வந்துடுறேன்" என்றாள் அனுசுயா. குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "செல்லக்கண்ணு பெரியம்மா பென்ஷன் ஆபீஸ்ல நிக்கிறாங்களாம். அழுவுறாங்க. இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னாத்தான் பணம் குடுப்பாங்களாம். எப்பவும் போல எங்கிட்டதான் கேக்கணும்னு இந்த ஆபீஸ் போனுக்கே போட்டுட்டாங்க."

மணிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டு, வந்துட்டு! இரு, கண்ணாடியப் போட்டுக்குறேன்" என்று பதறினார் சிங்காரவேலு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, அந்தக் கடைசி எண்ணை இரண்டு தடவை சொல்லி, எல்லாருக்கும் கேட்கிறாற்போலப் படித்தார். பிரேம் அனுசுயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினான். "சரியா எழுதிக்கிட்டியாம்மா? செல்லக்கண்ணுகிட்ட சொல்லிடு, நம்ம வூட்டு நம்பருக்கு எப்ப வந்தாலும் நான் இருக்கேன்னு."

"சொல்லிடுறேன் மாமா."

கணக்கு ஓப்பன் ஆகிவிட்டது. பிரேம் அடையாள அட்டைக்கு ஒரு சீட்டை எழுதி நீட்டினான், கேன்டீனுக்குப் போகிற வழியைக் காட்டினான். நினைத்தது நடந்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் அவளைக் கூப்பிட முடியாது. ஆனால் அனுசுயாவால் நகர முடியவில்லை. அழுகை பொங்கிப் பொங்கி வந்தது. இருபத்து நாலு வருஷம் ஓடிய ஓட்டத்துக்கு, அந்த வீட்டில் தன் பெயரைச் சொல்லி ஓர் எண்ணை வாங்க முடியவில்லை. அடுத்த வீட்டுக் கிழவியின் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அதான் வேலை கிடைச்சிடுச்சேக்கா, எதுக்கு அழுவுறீங்க?" என்று பிரேம் போனை அவள் பக்கம் தள்ளினான். "வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. உள்ள போயிட்டா பேச முடியாது."

"வேணாங்க சார்" என்றாள் அனுசுயா. "எனக்குன்னு சொன்னா அங்க யாருக்கும் கேக்காது."